நனைந்த ரோமம்

மே 9, வெள்ளி

காலையிலிருந்து மழை. அலுவலகக் கூரை வழக்கமான இடத்தில் ஒழுகுகிறது, வழக்கமான வாளியை வைத்தாயிற்று.

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். "மிருக டாக்டராமே, நாய்க்கு ஊசி போடுவீங்களா?" இல்லை, செம்மறி ஆடுகள் கப்பலில் பயணம் போகலாம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன் என்றேன். "எங்க போகுதுங்க?" கடலுக்கு அந்தப் பக்கம், அறுப்புக்கு. கொஞ்சம் யோசித்தாள். "அறுக்கத்தானே போகுது, அதுக்கு எதுக்குங்க தகுதிச் சான்று?" பதினாறு வருஷ வேலையை ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இனி அவளைப் படியில் பார்த்தால் லிஃப்டில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

தம்பி வந்திருக்கிறான். நாளை அதே கப்பலில்தான் போகிறான். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது, தீவனம் போடுவது, செத்ததை எண்ணி எழுதுவது, கடலில் தள்ளுவது. இது இரண்டாவது நடை. கோழிப்பண்ணை மூடி எட்டு மாதம் சும்மா இருந்தவனுக்கு இந்த வேலையே பெரிது. என் வீட்டுக்காரரும் தம்பியும் டி.வி. முன்னால் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் மச்சானும் சேர்ந்தால் என் வீட்டில் நான் விருந்தாளி.

மே 10, சனி

ஆறாயிரத்து இருநூறு. ஏற்றியாயிற்று.

இரண்டு பலகைத் தடுப்புக்கு நடுவே ஒவ்வொன்றாக ஓடிவரும். நான் மரப்பெட்டி மேல் ஏறி நின்றுகொள்வேன், கையில் நீலச் சாக்கட்டி. நொண்டுகிறதா, கண்ணில் பீளை இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, ரோமம் நீளமா. ஆட்டுக்கு மூன்று வினாடி. சரியில்லாததன் முதுகில் கோடு போட்டால் அது பட்டிக்குத் திரும்பும்.

பதினோராம் பட்டிக்கு வரவேண்டிய நானூற்று இருபதும் கடைசியில் வந்தன, தார்ப்பாய் போடாத மூன்று லாரிகளில். சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் ரோமம் இருந்தால் ஏற்றக்கூடாது. கப்பலின் உள் தளத்தில் வெக்கை தாங்காது. அளந்தேன். 22. 23. 21. முப்பது ஆடு அளந்தேன், எல்லாம் உள்ளேதான்.

பட்டி மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். "நனைஞ்சிருக்கே டாக்டர். காய விட்டு அளக்கலாமா?"

நனைந்த ரோமம் படிந்து கிடக்கும். காய்ந்தால் எழுந்து நிற்கும். முதல் வருஷ மாணவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? இந்த மந்தையைக் கத்தரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்பதும் தெரிந்தது.

ஏஜென்ட், நாங்கள் 'அவசரம்' என்று பேர் வைத்திருக்கும் ஆள், கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே வந்தார். "டாக்டர், கொஞ்சம் அவசரம். நாலு மணிக்குக் கப்பல் கரையை விடணும்."

காயவைக்க இரண்டு நாள் ஆகும். பரவாயில்லை மேஸ்திரி, அளவு சரியாத்தான் இருக்கு என்றேன். சீலும் வைத்தேன். லஞ்சம் வாங்கியிருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். யாரும் எதுவும் தரவில்லை. செருப்பு நனைந்து காலெல்லாம் ஊறிப்போயிருந்தது, வீட்டுக்குப் போகவேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

மே 11

துவைத்தேன். தூங்கினேன்.

மே 13, செவ்வாய்

மதியம் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப். கப்பலில் இணையம் ஆளுக்கு அரை மணி நேரம்தான் தருவார்களாம். "நல்லா இருக்கேன். மூணாம் தளத்துல மூணு போச்சு. மத்தபடி ஓகே." மூன்று சகஜம்தான்.

மே 14, புதன்

பதினேழு.

"அக்கா, எல்லாம் அந்தப் பதினோராம் பட்டி ஆடுங்கதான். பக்கத்துப் பட்டி ஆடுங்க நல்லா தின்னுது. இதுங்க மட்டும் வாயைப் பொளந்துக்கிட்டு மூச்சு வாங்குது, நாக்கு வெளிய தொங்குது. நான் என்ன தப்பு பண்றேன்? சொல்லு."

அந்த நனைந்த ரோமம்தான். ஃபேனைப் பக்கத்தில் திருப்பி வை, தண்ணீரை அடிக்கடி மாற்று என்று எழுதினேன். அதுவும் சரியான ஆலோசனைதான். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

மே 15

இருபத்தாறு. "தண்ணி மாத்திட்டே இருக்கேன். கேக்கல. வேற என்ன பண்ணலாம்?"

தண்ணீரில் உப்புக் கரைசல் கலந்து கொடு என்றேன்.

மே 16

முப்பத்தொன்று.

மே 17, சனி

இருபத்தொன்பது.

வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நானே சொன்னேன். காய்கறி நறுக்கிக்கொண்டே, ரேஷன் கார்டைத் தொலைத்துவிட்டேன் என்பது மாதிரி சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்போ கத்தரிச்சு விட்டா பொழைச்சுக்குமா?"

"கொஞ்சம் பொழைக்கும்."

"அவன்கிட்ட சொன்னியா?"

எழுத்தில் போனால் அது எழுத்து. வாட்ஸ்அப்பில் 'ரோமம் நீளம்' என்று நான் எழுதினால், நாளைக்கு விசாரணை என்று வந்தால், என் சீலுக்கு எதிராக என் கையெழுத்தே சாட்சி. இதை அவரிடம் விளக்கினேன். நல்ல தெளிவாகவே விளக்கினேன். வகுப்பெடுப்பது மாதிரி.

அவர் கேட்டுவிட்டு, "நீ பேசறது உனக்கே கேக்குதா?" என்றார்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. கோபம்கூட வரவில்லை. வெண்டைக்காயை மிச்சம் இல்லாமல் நறுக்கி முடித்தேன்.

மே 18, ஞாயிறு

இருபத்துநாலு. மொத்தம் நூற்று முப்பது.

இன்று சொன்னேன். நனைந்திருக்கும்போது அளந்தேன், நீளம் அதிகம், உடனே கத்தரி, முதலில் முதுகு, பிறகு கழுத்து. ஐந்து வரி. ஐந்து வரி எழுத எனக்கு ஐந்து நாள்.

பதில்: "சரி."

மே 19

பதினாலு. கப்பலில் இரண்டே கத்தரிகள், அதில் ஒன்று துருப்பிடித்தது. தம்பியும் இன்னும் மூன்று பேரும் முறைபோட்டுக் கத்தரிக்கிறார்கள். எழுபது ஆடு முடிந்தது என்று ஒரு வரி. போட்டோ ஒன்று: அவன் உள்ளங்கை, கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து. எதற்கு அனுப்பினான்? பார்க்கட்டும் என்றுதான்.

மே 20

ஒன்பது.

மே 22, வியாழன்

நேற்று நாலு, இன்று இரண்டு. கரை சேர்ந்துவிட்டார்கள். மொத்தம் நூற்று ஐம்பத்தொன்பது. தம்பி எண்ணிக்கை மட்டும்தான் அனுப்புகிறான். அக்கா என்று எழுதுவதில்லை.

மே 23

பெரிய டாக்டர், எங்கள் அலுவலகத் தலைவர், கூப்பிட்டுவிட்டார். கம்பெனி அறிக்கை மேசை மேல் இருந்தது. 'மூன்றாம் தளத்து மின்விசிறியைப் பணியாளர் கவனிக்கத் தவறியதால் ஏற்பட்ட உயிரிழப்பு.' பணியாளர் என்றால் தம்பி. பதினைந்தாம் தேதி இரண்டு மணி நேரம் ஃபேன் நின்றதாம். நின்றதை அவனே குறித்து வைத்திருக்கிறான். பைத்தியக்காரன், உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறான்.

"உங்க தம்பின்னு தெரியும்மா. அதான் உங்ககிட்ட முதல்ல காட்டறேன்" என்றார். நல்ல மனிதர், கத்திப் பேசத் தெரியாதவர். "சான்று கொடுத்த டாக்டர்னு நீங்க கீழ ஒரு கையெழுத்துப் போட்டா இதோட முடிஞ்சிடும். இல்லைன்னா சான்றைக் கிளறுவாங்க. நம்ம ஆபீசுக்கே நல்லதில்ல."

"அவன் என்ன ஆவான்?"

"கப்பல் புத்தகத்துல கறுப்புக் குறி விழும். வேற கப்பல் கிடைக்காது. சின்ன வயசுதானே, வேற ஏதாவது பார்த்துப்பார்."

முப்பத்துநாலு வயது. வேற ஏதாவது என்பதைத்தான் எட்டு மாதம் தேடினான்.

காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பையிலேயே இருக்கிறது.

மே 24

பையிலேயே இருக்கிறது.

மே 25

ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? போடப்போவதில்லை என்று தெரிந்தால் கிழித்திருக்கலாமே. கிழிக்கவில்லை. அப்படியானால் போட்டுவிடுவேன் என்றுதானே அர்த்தம்? மூன்று நாளாக என் தம்பியைத் தூக்கிக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படியும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஒன்றுமே தோன்றவில்லை.

மே 26, திங்கள்

அதன் கீழே கையெழுத்துப் போடவில்லை. தனியாக ஒரு கடிதம் எழுதினேன். ஈரமாக இருக்கும்போது அளந்தேன். காய விடலாமா என்று மேஸ்திரி கேட்டார். பதினாலாம் தேதியே காரணம் எனக்குத் தெரியும், பதினெட்டாம் தேதிதான் சொன்னேன். பூசி மெழுகாமல் ஒன்றரைப் பக்கம்.

பெரிய டாக்டர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். "இந்தக் கடைசிப் பாரா அவசியமாம்மா? அதை யாரும் கேக்கலையே."

அவசியம் என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

தம்பி வந்தான். இளைத்திருக்கிறான். அவர் கதவைத் திறந்து தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிவந்தார். தட்டு வைத்தேன், சாப்பிட்டான். மறுசோறு கேட்காமல் போட்டேன், அதையும் சாப்பிட்டான்.

பிறகு பேசினான், சுவரைப் பார்த்து.

"பதினாலாம் தேதி கேட்டேன். பதினெட்டாம் தேதி சொன்ன."

"ஆமா."

"நடுவுல நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் கைராசிதான் சரியில்லைன்னு நெனச்சேன். கோழிப்பண்ணையும் மூடிட்டாங்க, இதுவும் சாவுதுன்னு. மூணாம் தளத்துக்கு வேற ஆளைப் போடுங்கன்னு கேப்டன்கிட்ட போய்ச் சொன்னேன். சிரிச்சார்."

சோற்றுப் பாத்திரத்தை மூடினேன்.

இறங்கின இடத்தைப் பற்றியும் சொன்னான். கேட்காமலே. வெயிலில் நான்கு மணி நேரம் லாரியில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். தனித்தனியாக வாங்கிப் போக வந்தவர்கள் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, காரின் பின்பக்க டிக்கியில் போட்டார்களாம். "பன்னெண்டு நாள் தண்ணி குடுத்துக் காப்பாத்துனதுக்கா. ஒருத்தனுக்கு டிக்கி மூடல. மேல ஏறி உக்காந்து மூடினான். அறுக்கற எடத்தையும் பாத்தேன். வரிசையா நிக்க வச்சு, அதுங்க கண்ணு முன்னாடியே. கத்தி மொண்ணை. ஒரே இழுப்புல போகல." டம்ளரை நகர்த்தி வைத்தான். "கடல்ல செத்ததுங்களே தேவலைன்னு தோணிச்சு. அப்படித் தோணிட்டுதேன்னு வேற இருந்துச்சு."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சிநேகிதன் அறையில் தங்குகிறானாம். அவர் வாசல் வரை போனார். நான் தட்டுகளை எடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

விசாரணை, அரை மணி நேரம். மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். "நான் காய விடலாமான்னு கேட்டேன், டாக்டர் வேணாம்னாங்க" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். வெளியே வந்ததும், "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இதில் தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? இத்தனை நாளில் ஒருத்தராவது நேரே சொன்னாரே.

தம்பி பெயரில் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வேலை போகும் என்று நினைத்திருந்தேன். என்னை அனுப்பிவிட்டால் இந்தத் துறைமுகத்துக்கு வேறு டாக்டர் வர ஆறு மாதம் ஆகும், அதுவரை கப்பலுக்குக் கப்பல் ஆள் தேட வேண்டும். ஆகவே நான் தேவை.

புதிய சுற்றறிக்கை ஒன்று: இனி காய்ந்த ரோமத்தைத்தான் அளக்க வேண்டும். இறப்புப் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில், நோய், காயம், தீவனம் எடுக்காமை, வெப்பம் என்பவற்றோடு ஐந்தாவதாக 'ரோம நீளம்' சேர்த்திருக்கிறார்கள். நான் இந்த உலகத்துக்குச் செய்துவிட்டுப் போகும் பங்களிப்பு.

ஜூன் 25

வீட்டுக்காரர் மூலமாகத் தெரிந்தது, தம்பி அடுத்த கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டான். போன் போட்டேன். எடுத்தான்.

"அவ்வளவு பாத்துட்டு மறுபடி போறியா?"

"நான் போகலைன்னா கப்பல் நிக்குமா? புதுசா ஒருத்தன் வருவான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் இருந்தா தண்ணியாவது நேரத்துக்குக் கெடைக்கும். கத்தரி பத்து வாங்கிட்டேன்."

வைத்துவிட்டான். தப்பு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்ததால்தான் அவனால் போக முடிகிறது. இதற்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை, இரண்டும் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஐயாயிரத்து எண்ணூறு. பத்து நாளாக வெயில். எல்லாப் பட்டியிலும் அளந்தேன், பட்டிக்கு ஐம்பது. 15. 17. 16. புதிதாகக் கத்தரித்த முதுகுகள், ரோஸ் நிறத் தோல் தெரிய. நொண்டினவை நாற்பத்தொன்று, கண் கெட்டவை பன்னிரண்டு, ஒன்று விடாமல் திருப்பி அனுப்பினேன். 'அவசரம்' கூட இன்று கடிகாரத்தைக் காட்டவில்லை, ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். "இந்தத் தடவை குறையே சொல்ல முடியாது டாக்டர்" என்றார் மேஸ்திரி.

உண்மைதான். பதினாறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான கப்பலேற்றம் நான் பார்த்ததில்லை. சீல் வைத்தேன்.

சாய்வுப் பலகையின் மேல்முனையில் தம்பி நின்று ஆடுகளை உள்ளே திருப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். தலையை லேசாக அசைத்தான், அல்லது ஆட்டுக்காகக் குனிந்தானோ என்னவோ.

ஜூலை 12, சனி

பதினொன்று. நாலு தளத்திலும்.

ஜூலை 13

நாற்பத்துநாலு.

"காத்து பின்னாலேர்ந்து வருது. கப்பல் போற வேகமும் காத்தோட வேகமும் ஒண்ணா இருக்கு, அதனால உள்ள ஒரு இலைகூட அசையாது. கேப்டன் கப்பலை வளைச்சு வளைச்சு ஓட்டிப் பாக்கறார். ரோமமெல்லாம் குட்டைதான்க்கா, நானே தடவிப் பாத்தேன். தண்ணி குடுக்கறேன், ஃபேன் ஓடுது. இந்தத் தடவை எங்க தப்பு?"

அக்கா என்று எழுதியிருக்கிறான். எங்கேயும் தப்பு இல்லை. அளவு சரி, சான்று சரி, டாக்டர் சரி, ஆள் சரி.

அப்படியே எழுதி அனுப்பினேன்: எங்கேயும் தப்பு இல்லை.

ஜூலை 14, திங்கள்

இறப்புப் படிவம் என் மேசைக்கு வந்தது. இதுவரை நூற்று இரண்டு. காரணம் என்ற கட்டத்தில் ஐந்தில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். வெப்பம் என்று போடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். போன மாதம் வரை போட்டிருப்பேன்.

நனைந்த ரோமத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். அந்த ஒரு தப்பைச் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று ஒரு ஆறுதல் இருந்திருக்கிறது. இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு நான் ஒழுங்காக அளந்திருந்தால் அந்த நூற்று ஐம்பத்தொன்பதும் பிழைத்து, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, டிக்கியில் ஏறியிருக்கும்.

ஐந்துக்கும் டிக் போடவில்லை. பக்கத்தில் எழுதினேன்: நாம் அனுப்பியது.

ஜூலை 15

பெரிய டாக்டர் கூப்பிட்டார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"இது ஒரு காரணமாம்மா?"

"வேற காரணம் இருந்தா சொல்லுங்க சார், எழுதறேன்."

படிவத்தை என் பக்கம் தள்ளி, மாற்றிக் கொடுங்கள் என்றார். திரும்ப அவர் பக்கம் தள்ளினேன். அடுத்த கப்பல் இருபத்தாறாம் தேதி, அதற்கு யார் சான்று கொடுப்பது என்று கேட்டார். நான் இல்லை என்றேன். சீல், மை பேட், சாவி மூன்றையும் அவர் மேசையில் வைத்தேன். "யோசிச்சுதான் பண்றீங்களா? நீங்க இல்லைன்னா அப்போதைக்கு யாராவது அரைகுறையா ஒருத்தர் வந்து போடுவார்" என்றார். வரட்டும் என்றேன். தம்பி சொன்ன அதே நியாயம்தான் இதுவும். அதைச் சொல்லித்தான் எல்லோரும் உள்ளேயே இருக்கிறோம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, இனி நாள் முழுக்க வீட்டுல உக்காந்து என் தலையைத் தின்னப்போறன்னு சொல்லு" என்றார்.

ஜூலை 17, வியாழன்

தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நான் வேலையை விட்டது, படிவத்தில் எழுதியது. அவனை வா என்றோ இரு என்றோ சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமையை மே மாதமே தொலைத்துவிட்டேன்.

மதியம் பதில் வந்தது.

"இன்னிக்கு இருபத்தொன்பது. மிச்சம் அஞ்சாயிரத்து ஐநூத்திச் சொச்சம் உயிரோட இருக்கு. ஞாயித்துக்கிழமை எறக்கிடுவோம். எறக்கினப்புறம் என்ன ஆகும்னு தெரியும், இருந்தாலும் அதுவரைக்கும் தண்ணி காட்டிட்டு இருப்பேன். அதுக்கப்புறம் இந்த வேலை வேணாம்க்கா. சிநேகிதன் ரூமுக்குப் போகல. வீட்டுக்கு வரேன்."

வா என்று எழுதி அனுப்பினேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்டாலும் கேட்கட்டும் என்று அழுதேன்.